படிவக் கம்போனென்ட்களில் கீபோர்டு ஃபோகஸ்: பொறுப்பு யாருடையது?

பல படிவங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்காக எழுதப்படும் உள்ளீட்டுப் பெட்டி, ஃபோகஸை, அதாவது கீபோர்டில் தட்டுவது போய்ச் சேரும் இடமாக இருக்கும் நிலையை, தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்தால் வாங்கிக்கொள்ள மட்டும் அதற்குத் தெரிந்திருந்தால் போதும். ஃபோகஸ் எப்போது எங்கே செல்ல வேண்டும் என்பதை முழுப் படிவத்தையும் அறிந்த நிரல்தான் முடிவுசெய்ய இயலும்.

இணையப் பக்கங்களைக் கம்போனென்ட் எனும் மறுபயன்பாட்டுத் துண்டுகளாக எழுத உதவும் ரியாக்ட் நூலகத்தில் இதற்கான முதல் வேலை, உள்ளிருக்கும் இன்புட் உறுப்பை வெளியிலிருந்து எட்டும்படி செய்வது. ரியாக்ட் 19 முதல் ரெஃபை (உறுப்பைச் சுட்டும் கைப்பிடி) மற்ற ப்ராப்களைப் (கம்போனென்ட்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகள்) போலவே பெற்று இன்புட்டுக்கு அளிக்கலாம். முந்தைய பதிப்புகளில் அதற்கு ஃபார்வர்ட்ரெஃப் என்ற செயற்கூறு தேவை. தேதித் தேர்வியைப் போல உள்ளே பல உறுப்புகள் இருந்தால், யூஸ்இம்பரேட்டிவ்ஹேண்டில் என்ற ரியாக்ட் வசதி வழியாக ஃபோகஸ் என்ற ஒரு செயற்கூற்றை மட்டும் வெளியிடுங்கள். பின்னர் உள்ளமைப்பு மாறினாலும் அதைப் பயன்படுத்துவோரின் நிரல் உடையாது.

ஓர் எழுத்தைத் தட்டியதுமே ஃபோகஸ் பறிபோகிறது என்றால், பெரும்பாலும் ஒரு கம்போனென்ட் இன்னொன்றின் உடலுக்குள் வரையறுக்கப்பட்டிருக்கும், அல்லது அதை ரியாக்ட் அடையாளம் காணும் கீ மதிப்பு ஒவ்வொரு ரெண்டரிலும் (திரையை மீண்டும் கணக்கிடும் ஒவ்வொரு முறையும்) மாறிக்கொண்டிருக்கும். இரண்டிலும் ரியாக்ட் பழைய இன்புட்டை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கிறது. இதை ஃபோகஸை வலிந்து திருப்பிக் கொடுத்து மறைப்பது தவறு. வரையறையை வெளியே எடுப்பதும் கீயை மாறாமல் வைப்பதுமே தீர்வு.

அதிகக் கவனம் தேவைப்படும் இடம், பிழைகளுடன் படிவம் சமர்ப்பிக்கப்படும் தருணம். பிழையுள்ள முதல் பெட்டிக்கு ஃபோகஸை நகர்த்த வேண்டும். இங்கே முதல் என்பது திரையில் தோன்றும் வரிசையே அன்றி, சரிபார்ப்பு நிரல் பிழைகளைத் திருப்பித் தரும் வரிசை அன்று. அந்தப் பெட்டியில் ஏரியா-இன்வேலிட் என்ற பண்பின் மதிப்பு ட்ரூ என்று இருப்பதோடு, பிழைச் செய்தியின் ஐடி ஏரியா-டிஸ்கிரைப்ட்பை பண்பில் இணைக்கப்பட்டிருந்தால், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் பெட்டியின் பெயருடன் பிழையையும் சேர்த்து வாசிக்கும். ஆனால் கம்போனென்ட்டின் நிலையை (ஸ்டேட்) மாற்றிய அடுத்த வரியிலேயே ஃபோகஸை நகர்த்தினால் பிழைச் செய்தி அப்போது பக்கத்தில் இருக்காது. ஆகவே ரெண்டர் முடிந்தபின் இயங்கும் எஃபெக்டில் அதைச் செய்யுங்கள். சமர்ப்பிப்புப் பொத்தானை உடனே டிசேபிள் செய்யும் வழக்கமும் தொல்லை தரும், ஏனெனில் ஃபோகஸ் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. ஏரியா-டிசேபிள்டு கொடுத்து, மறு அழுத்தத்தை நிரலில் புறக்கணிப்பது மேல்.

வரிசைகளைச் சேர்க்கவும் நீக்கவும் இடமுள்ள படிவத்தில், நீக்கப்பட்ட வரிசையோடு அதன் நீக்கு பொத்தானும் மறைவதால் ஃபோகஸ் நிற்க இடமில்லாமல் போகிறது. அடுத்த வரிசையின் நீக்கு பொத்தானுக்கும், அது இல்லையெனில் முந்தையதற்கும், வரிசையே எஞ்சவில்லையெனில் சேர் பொத்தானுக்கும் அதை அனுப்புங்கள்.

டேப் விசை செல்லும் வரிசையைத் தீர்மானிக்கும் டேப்இன்டெக்ஸுக்கு 0, -1 தவிர வேறு மதிப்பு வேண்டாம். ஃபோகஸ் வளையம் அழகைக் கெடுக்கிறது என்று வடிவமைப்பாளர் சொன்னால் அவுட்லைனை நீக்காமல், ஃபோகஸ்-விசிபிள் என்ற சிஎஸ்எஸ் தேர்வி கொண்டு வளையத்தை மாற்றி வரையுங்கள்.

சோதனையில் டேப் விசையை அழுத்தி, எந்த உறுப்பில் ஃபோகஸ் நிற்கிறது என்று டெஸ்டிங் லைப்ரரி கொண்டு உறுதிசெய்யலாம். மேலே ஒட்டி நிற்கும் தலைப்புப் பட்டைக்குப் பின்னால் பெட்டி மறைந்துகிடப்பதை, பிரவுசரைப் போல நடிக்கும், ஆனால் பக்க அமைப்பைக் கணக்கிடாத சோதனைச் சூழலான ஜேஎஸ்டாமில் கண்டுபிடிக்க இயலாது. 2023இல் வெளியான இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 இதைத் தனி விதியாகவே சேர்த்திருப்பதால், அந்த ஒன்றை உண்மையான பிரவுசரில் மௌஸைத் தொடாமல் பார்த்துவிடுங்கள்.