மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவலைத் தொடராக்கும்போது ஆண்டுகளைத் தாண்டும் முறை

நாவலில் 'பத்தாண்டுகள் உருண்டோடின' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கதைசொல்லியின் குரலே வாசகரை அக்கரைக்குக் கொண்டு சேர்த்துவிடும். தொலைக்காட்சித் தொடரில் பெரும்பாலும் அந்தக் குரல் இருப்பதில்லை. ஆகவே, தாண்டலுக்கு முன்னும் பின்னும் மாறாமல் நிற்கப்போகும் ஒன்றை, அது ஓர் ஆளோ, வீடோ, தீராத கடனோ, முதலில் தேர்ந்துகொண்ட பிறகே திரைக்கதையில் கைவைக்க வேண்டும்.

2022இல் வெளிவந்த 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' முதல் பருவத்தில் ஐந்தாம் பகுதிக்கும் ஆறாம் பகுதிக்கும் இடையே பத்தாண்டுகள் கழிகின்றன. நாயகியர் இருவருக்கும் நடிகையர் மாறினாலும் அரசராக நடித்த பேடி கான்சிடைன் மாறவில்லை. நோய் அவர் உடலை எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைப் பார்த்தே கழிந்த காலத்தை அளந்துவிடுகிறோம். ஆனால் அரசரின் தம்பியை மணந்த லேனாவின் மணவாழ்க்கை முழுவதும் அந்த இடைவெளிக்குள் போய்விட்டது. அவரோடு நாம் பழகுவதற்குள் அவர் இறந்துவிடுவதால், அந்த மரணம் வலிக்க வேண்டிய அளவுக்கு வலிக்கவில்லை. ஆண்டுகளைத் தாண்டலாம், பின்னால் பார்வையாளரை அழவைக்கப்போகும் உறவைத் தாண்டக் கூடாது.

செட்டிநாட்டில் நடக்கும் கதையாக வைத்துப் பார்ப்போம். காரைக்குடி வீடொன்றின் பூட்டிய அறையில் வாழும் யட்சியோடு ஒரு குடும்பம் உடன்படிக்கை செய்திருக்கிறது; மகன் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, முகவராகப் போகிறான். திரைக்கதைக்கு முன் ஒரு பேரேடு போடுங்கள்: ஒவ்வோர் ஆண்டிலும் யாருக்கு என்ன வயது, யார் இறந்தார், யட்சிக்கு என்ன பாக்கி. தாண்டுவதற்குரிய இடம் அந்தப் பேரேட்டிலேயே தெரியும். அக்கரைக்குப் போன முகவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பிய வழக்கம் இருந்ததால், அவன் கப்பலேறும் காட்சியை அடுத்து, தகப்பன் முகமறியாத பிள்ளை முகப்பில் நின்று அவனை 'யார்?' என்று கேட்கும் காட்சி வந்தால் போதும். 'மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற எழுத்துக்குத் தேவையே இராது. மணமான மகனுக்கு அதே வீட்டில் தனி அடுப்பு அமைத்து 'வேறு வைக்கும்' நகரத்தார் வழக்கமும் இப்படியே உதவும்: ஓர் அடுப்பு எரிந்த வீட்டில் மூன்று அடுப்புகள் எரிந்தால், தம்பிமாருக்கும் மணமாகிவிட்டது என்று இவ்வூர்ப் பார்வையாளர் தாமே புரிந்துகொள்வார்.

ஆனால் 1942ஐத் தாண்டிவிடாதீர்கள். ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததையும், உடைமைகளை விட்டுவிட்டுப் பலர் கால்நடையாக ஊர் திரும்பியதையும் நாவல் இரண்டே பக்கங்களில் சொல்லியிருந்தாலும், தொடர் அங்கே ஒரு முழுப் பகுதி நிற்க வேண்டும். பக்கக் கணக்கைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வதே தழுவல்களில் நான் காணும் பெருங்குறை.

தாண்டிய பிறகு வரும் முதல் காட்சிகளை மெதுவாகவே நகர்த்துங்கள்; புதுமுகங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்யுங்கள்.

மிகுபுனைவுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: மூப்பற்றவர்கள். 2019இல் வந்த 'தி விட்சர்' முதல் பருவம் வெவ்வேறு காலங்களில் நடக்கும் மூவர் கதைகளை ஆண்டு குறிக்காமல் பின்னியது. நாயகன் முகத்தில் வயது ஏறாததால், எது முந்தியது என்று பலர் குழம்பினர். உங்கள் யட்சிக்கும் வயதேறாது. ஆகவே தாண்டலுக்குப் பின் அவளைத் தனியாகக் காட்டாமல், முன்பு சிறுமியாக அவளோடு பேசியவளை நரைத்த தலையோடு அதே கதவருகே உட்காரவையுங்கள். யட்சியின் ஆற்றல் இடையில் குறைந்திருக்குமானால், அது குறையத் தொடங்கியதைத் தாண்டலுக்கு முந்தைய பகுதியிலேயே காட்டிவிடுங்கள்.