கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் காணாமல் போகிறதா?

மழைக்காலத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கரண்ட் போய் வந்தால், ரவுட்டர் வைஃபை பிரிண்டருக்கு வேறு ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்துவிடலாம். கணினியோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழிக்காதீர்கள், பாவம் அது ஒன்றும் செய்யவில்லை.

ரவுட்டரை முதலில் போட்டு, 2 நிமிடம் கழித்துப் பிரிண்டரைப் போடுங்கள். அதன் நெட்வொர்க் மெனுவில் ஐபி எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண் வரவில்லை. வைஃபை பாஸ்வேர்டை மறுபடி கொடுங்கள். பல வீட்டுப் பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே எட்டும், அதனால் அந்த வைஃபையிலேயே இணையுங்கள்.

எண் சரியென்றால், விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், ஆட் போர்ட் போய், 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' எடுத்து அந்த எண்ணைப் போடுங்கள். ரவுட்டர் செட்டிங்கில் அட்ரஸ் ரிசர்வேஷன் மூலம் அதே எண்ணைப் பிரிண்டருக்கு ஒதுக்கிவிட்டால், அடுத்த மழைக்கும் எண் மாறாது.