இரண்டு கோட்டுக்கு நடுவே துடைப்பதில் நடக்கும் தவறுகள்

கார் கதவு ஒன்றுக்கு, நிறத்தின் மேல் பளபளப்புக்காகப் பூசும் கிளியரை அடித்து முடித்து ஸ்ப்ரே கன்னைக் கீழே வைப்பதற்குள் கதவின் நடுவில் கடுகு சிதறினாற்போலக் குழிகள் விழுந்துவிட்டன. ஒவ்வொரு குழியின் நடுவிலும் அடியில் இருந்த நிறப் பூச்சு, அதாவது பேஸ் கோட், தெரிந்தது. சுற்றிலும் மோதிரம் போல மேடு கட்டியிருந்தது. இதற்குப் பெயர் ஃபிஷ் ஐ. முதன்முதலில் எனக்கு இது ஆனபோது பெயிண்டைச் சந்தேகப்பட்டேன், தின்னரைச் சந்தேகப்பட்டேன். காரணம் ஷெட்டின் மறுகோடியில் இருந்தது. கழுவி முடித்த ஒரு வண்டியின் டயருக்கு அங்கே பாலிஷ் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்த சிலிகோன் காற்றில் வந்து என் கதவில் படிந்திருக்கிறது. நான் தின்னர் துணியால் ஒரு இழு இழுத்து, ஒரு மூலையில் இருந்ததைக் கதவு முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன்.

துடைத்துவிட்டால் சுத்தம் என்று நினைக்கிறோம். கோட்டுக்குக் கோட்டு வருகிற கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்தத் துடைப்பிலிருந்தே வருகின்றன என்பது என் அனுபவம். எந்தத் துணி, எந்தத் திரவம், எந்த நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வண்டி வந்தவுடன் எமரி பேப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பது முதல் தவறு. பழைய பெயிண்டின் மேல் மெழுகு, தார்ப் புள்ளி, பாலிஷ் எல்லாம் இருக்கும். அதன் மேலேயே தேய்த்தால் பிசுக்கு கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. பிறகு எவ்வளவு துடைத்தாலும் முழுசாக வராது. சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிக்ரீசரால் துடைத்து, அதற்குப் பிறகே பேப்பர் போட வேண்டும். தேய்த்து முடித்ததும் மறுபடி டிக்ரீசர்.

அந்த டிக்ரீசருக்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றில் நனைத்து இரண்டு கை அகலத்துக்குத் துடைத்து, அது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த துணியால் வழித்து எடுக்க வேண்டும். திரவம் பிசுக்கைக் கரைத்து மேலே தூக்கி வைத்திருக்கும்; தானாகக் காயவிட்டால் பிசுக்கு அதே இடத்தில் திரும்பவும் படிந்துவிடும். ஒரே துணியால் போனட் முழுவதையும் துடைப்பவர் அழுக்கை இடம் மாற்றி வைக்கிறார், அவ்வளவுதான்.

டிக்ரீசருக்குப் பதிலாக வேறு எதையும் எடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். பெட்ரோலையும் நம்ப முடியாது, தீ ஆபத்து வேறு. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் புதிதாக அடித்த பேஸ் கோட்டை இளக்கிவிடும். பனியன் வேஸ்ட் துணி இல்லாத ஷெட் நம் ஊரில் கிடையாது. கன் கழுவ, கை துடைக்க அது போதும். கடைசித் துடைப்புக்கு எடுத்தால் பஞ்சு நூல் ஒட்டும். கம்ஃபர்ட் போன்ற திரவத்தில் அலசிய துணியும் வேண்டாம். அந்த மென்மை துணியில் தங்கிய ஒரு படலம், அது பெயிண்ட் அடிக்கும் பேனலுக்கும் வரும்.

உப்பு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் போடும்போது வாளியில் இருப்பது பெரும்பாலும் போர் தண்ணீர். அது பேனலில் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். டிக்ரீசரில் எண்ணெய் கரையும், உப்பு கரையாது. வியர்வைக் கையால் தொட்ட இடமும் இப்படித்தான். மேலே பெயிண்ட் ஏறிவிட்டால் அடியில் இருக்கும் உப்பு மழைக்காலத்து ஈரத்தைப் படலத்தின் வழியாக இழுக்கும். சில மாதங்கள் கழித்துக் குண்டூசித் தலை அளவில் கொப்புளங்கள் எழும். சில இடத்தில் விரல் பதிந்த வடிவம்கூடத் தெரியும். அதனால் கடைசி அலசலுக்கு உப்பில்லாத தண்ணீர், உடனே துடைப்பு, அதன்பின் பேனலைத் தொட நைட்ரைல் கையுறை. பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி மட்டும் தண்ணீர் பார்க்கவே கூடாது. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். உலர் பேப்பர்தான் போட வேண்டும்.

பேப்பர் நம்பரில் தாவாதீர்கள்; நம்பர் ஏற ஏறப் பேப்பர் நயமாகும். பட்டியில் 80 போட்டவர் நேரே 320-க்குப் போனால் 80-இன் கீறல் அப்படியே இருக்கும். பெயிண்ட் காய்ந்து இறங்கியதும் கோடு கோடாகத் தெரியும். 80, 150, 240, 320 என்று ஏற வேண்டும். நிறத்துக்கு அடியில் அடிக்கும் சர்ஃபேசர் மேல் சாதா நிறத்துக்கு 600, மெட்டாலிக் என்றால் 800.

பேஸ் கோட்டுகளுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். அடித்த கோட் பளபளப்பு போய் ஒரே சீராக மங்கும் வரை அடுத்தது வேண்டாம். சாதாரணமாக 5 முதல் 10 நிமிடம்; டப்பாவுக்கான தொழில்நுட்பத் தாளில் இருப்பதே சரியான கணக்கு. சந்தேகமாக இருந்தால் மாஸ்கிங் டேப்பின் மேல் விழுந்த பெயிண்டைத் தொட்டுப் பாருங்கள், பேனலைத் தொடாதீர்கள். அவசரத்துக்குக் கன்னிலிருந்து வெறுங்காற்றை அடித்து உலர்த்துவது பெரிய தவறு. மேலே ஏடு கட்டிவிடும், உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் பிறகு துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் அடிப்படைப் பெயிண்டுக்கு மட்டும் காற்றோட்டம் தேவை. அதற்கு வேறு முறை.

பேஸ் கோட்டில் தூசி விழுந்தால் தின்னர் துணியோடு ஓடாதீர்கள். மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் கலைந்து திட்டாகிவிடும். நன்றாக உலரவிட்டு, அந்த இடத்தில் மட்டும் 1000 பேப்பரால் மெல்ல எடுத்து, துடைத்து, மேலே இன்னொரு பேஸ் கோட் அடியுங்கள். தேய்த்த மெட்டாலிக் மேல் நேரே கிளியர் போட்டால் அந்தத் திட்டு வெயிலில் காட்டிக்கொடுக்கும்.

தூசியை ஒட்டி எடுக்கும் டேக் துணியை அழுத்தித் தேய்ப்பதும் இதே வகைத் தவறு. அதில் இருப்பது பிசின்; அழுத்தினால் பெயிண்டில் ஒட்டும். முழுசாக விரித்து உதறி, மறுபடி தளர்வாக மடித்து, அதன் எடையிலேயே பேனல் மேல் போக விடுங்கள். அதற்கு முன் கைப்பிடி இடுக்கு, பீடிங் ரப்பர், கண்ணாடி ஓரம் எல்லாவற்றிலும் காற்றடித்துத் தேங்கிய தண்ணீரையும் தூசியையும் வெளியே தள்ள வேண்டும். இல்லாவிட்டால் கன்னின் காற்று அந்த வேலையைச் செய்யும், ஈரக் கிளியரின் மேல். கம்ப்ரசர் தொட்டியின் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுவதும் இதோடு சேர்ந்ததுதான்.

அந்தக் கதவுக்கு வருகிறேன். குழியை நிரப்பலாம் என்று மேலும் மேலும் கிளியர் அடித்துப் பார்த்தேன். சிலிகோன் இருக்கும் வரை குழி மூடாது, வழிசல்தான் மிச்சம். செய்ய வேண்டியது, அப்போதே நிறுத்தி முழுசாகக் காயவிடுவது. மறுநாள் டிக்ரீசரால் துடைத்து, 600 பேப்பரில் குழியின் அடி தெரியாமல் போகும் வரை சமமாக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு துணி முறையில் மறுபடி துடைத்து, பேஸ் கோட்டிலிருந்து தொடங்கினேன். அன்று கன் எடுப்பதற்கு முன் டயர் பாலிஷ் டப்பாவை வாங்கி ஷெட்டுக்கு வெளியே வைத்தேன்.