இரண்டு வாரத்தில் டெல்லி முதல் மதுரை வரை: எந்த ஊரில் எத்தனை இரவு?

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊருக்குப் போகிறோம் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு ஆசை. பிள்ளைகளுக்குத் தாஜ்மகாலும் ஜல்லிக்கட்டும். நமக்குத் தஞ்சாவூர், குலதெய்வக் கோயில், அப்புறம் பெரியம்மா வீடு. எல்லாவற்றையும் பதினான்கு நாளில் திணித்தால் பாதி லீவு கார் சீட்டிலேயே கழிந்துவிடும். ஒருமுறை திணித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் இரவுகளைத்தான் முதலில் பங்கு போடுகிறேன். டெல்லி மூன்று, சென்னை மூன்று, கும்பகோணம் மூன்று, மதுரை இரண்டு. மிச்சம் மூன்றும் சொந்தக்காரர்களுக்கு. அதில் கை வைத்தால் அடுத்த பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

விமான டிக்கெட்டை டெல்லியில் இறங்கி, சென்னையில் ஏறுவதுபோல எடுங்கள். டெல்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாள் ஆகும். விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். டெல்லியைக் கடைசியில் வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கே மூடுபனி. உள்ளூர் விமானம் தாமதமாகி, ஊர் திரும்பும் விமானத்தைத் தவறவிட்டால் வம்பு.

வெள்ளிக்கிழமை தாஜ்மகால் கிடையாது. டெல்லி நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து நூறு நிமிடத்தில் ஆக்ராவுக்குக் கொண்டுபோய் விடும் கதிமான் எக்ஸ்பிரஸும் அன்றைக்கு ஓடாது. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. ஆகவே டெல்லிக்குச் செவ்வாய், புதன், வியாழன்தான் தோது. ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் தொல்லியல் துறை இடங்களில் இந்தியருக்கான கட்டணமே. பிள்ளைகளின் கார்டையும் சேர்த்து அசலையே கொண்டு போங்கள்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. இந்திய நேரம் காலை எட்டு மணி. குளிர்காலத்தில் டொராண்டோவில் அது முந்தைய இரவு ஒன்பதரை, லண்டனில் நடுச்சாமம் இரண்டரை. பொங்கல் சமயத்து டிக்கெட்டுகள் நிமிடங்களில் தீரும். கண் விழித்து மல்லுக்கட்டுவதைவிட ஊரில் இருக்கும் தம்பியிடமோ மச்சானிடமோ சொல்லிவிடுவது மேல்.

சென்னையில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினால் விடியும்போது சோழநாடு. கும்பகோணத்தில் அறை எடுத்தால் தாராசுரம் கூப்பிடு தூரம். தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் ஒரு மணி நேரப் பயணம். மூன்றும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கோயில்கள். முதல் தடவை நாங்கள் பெரிய கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு. நடை சாத்தியாயிற்று. வெளியே செருப்பை விட்டுவிட்டு வந்த சின்னவள் கருங்கல் தரையில் நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவதில் என் தோளில் ஏறிவிட்டாள். நாங்களும் நிழல் தேடி நந்தி மண்டபத்துக்கு ஓடினோம். 1010இல் முடித்த கோயிலை அன்றைக்கு அண்ணாந்து பார்த்தது பத்து நிமிடம் இருக்குமா என்பதே சந்தேகம்.

அடுத்த தடவை நாலரைக்குப் போனோம். கல் ஆறியிருந்தது. சாயும் வெயிலில் கோயில் விமானம் தேன் நிறத்துக்கு மாறுவதைச் சின்னவள்தான் முதலில் காட்டினாள். தமிழ்நாட்டுப் பெரிய கோயில்களில் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் நாலு மணி வரை நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள். காலில் பழைய காலுறை ஒரு ஜோடி இருந்தால் கௌரவம் ஒன்றும் குறையாது.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கூடாது. கீழடி அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 2023இல் திறந்தது, பிள்ளைகள் அலுக்காமல் பார்ப்பார்கள். ஜல்லிக்கட்டுதான் குறி என்றால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்: வழக்கமாகப் பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். மதுரையை அங்கே நிறுத்திவிட்டு மற்ற ஊர்களை முன்னும் பின்னும் வையுங்கள். டெல்டாவில் டிசம்பரில் மழை பிடித்துக்கொள்ளலாம் என்பதால் ஜனவரி எனக்குப் பிடிக்கும்.

சென்னையின் கடைசி நாளில் எந்த இடத்தையும் எழுதாதீர்கள். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க, பெட்டியை எடை போட, அவிழ்த்து மறுபடி கட்ட அந்த நாள் சரியாக இருக்கும். பெரியம்மா கொடுத்த ஊறுகாயை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.