சில்காவில் பயிற்சி பெறும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து நாம் செய்யக்கூடியவை

கடற்படையில் அக்னிவீரராக, அதாவது நான்கு ஆண்டுப் பணிக்கு, தேர்வாகும் பிள்ளைகளுக்கு முதல் 16 வாரப் பயிற்சி ஒடிசா மாநிலம் குர்தா மாவட்டத்தில் உள்ள ஐ.என்.எஸ். சில்கா என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் நடைபெறுகிறது. மன்னார்குடியிலிருந்தும் வலங்கைமானிலிருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படும் பிள்ளைக்கு அங்கே ஓடவும் நீந்தவும் உடை மடிக்கவும் சொல்லிக்கொடுக்கப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் நமக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. 2024 நவம்பரில் என் மகன் அங்கே சென்றபோது நான் தடுமாறித் தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை, அடுத்து அனுப்பப்போகும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஐ.என்.எஸ். (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்ற எழுத்துகளைப் பார்த்ததும் பிள்ளையைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று பல அம்மாக்கள் பதறுகிறார்கள். கடற்படையின் தரைத்தளங்களுக்கும் அந்த முன்னொட்டு உண்டு. 1980-இல் தொடங்கப்பட்ட சில்கா அப்படிப்பட்ட ஒரு தரைத்தளமே. அருகில் இருப்பதும் கடல் அல்ல, காயல். நம் முத்துப்பேட்டைக் காயலைப் போன்றது, அதைவிடப் பன்மடங்கு பெரியது. நான் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது என் மகன் என் வயிற்றில் ஐந்து மாதம். கடல் என்ற சொல்லைக் கேட்டாலே கால் நடுங்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இன்னமும் இருக்கின்றன என்பதால்தான் இதை முதலில் எழுதினேன். அந்த நடுக்கத்தைப் பிள்ளை புறப்படும் நாளில் ரயிலடியில் காட்டாமல், அதற்கு முன்பே ஒரு நாள் அவனோடு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பெயரும் இனிஷியலும்

புறப்படுவதற்கு முன் பெற்றோர் முழுப் பொறுப்பேற்க வேண்டிய வேலை சான்றிதழ்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் வரும் சிக்கல் பெரும்பாலும் இனிஷியலால் வருகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘அருண் எஸ்’ என்று இருக்கும். ஆதாரில் ‘அருண் செந்தில்குமார்’ என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் ‘எஸ் அருண்’ என்று இருக்கும். ஊரில் இது மூன்றும் ஒரே ஆள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தகப்பன் பெயரை இனிஷியலாக எழுதிப் பழகாத மாநிலங்களிலிருந்து வரும் எழுத்தருக்கு அது தெரிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது பள்ளி வழியாகத் தேர்வுத் துறை வரை செல்லும் நீண்ட வேலை என்பதால், அதில் உள்ளதையே அடிப்படையாக வைத்து ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். தாய் தந்தை பெயர்களின் எழுத்துகளையும் இதேபோல் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. “இதெல்லாம் பரவாயில்லை” என்று அங்கிருந்தவர் சொன்னதை நம்பி விட்டுவிட்டு, கடைசி வாரத்தில் மூன்று நாள் மழையில் அலைந்தோம். பிறப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் போன்றவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறைவடையவில்லையென்றால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் கையொப்பமும் தேவைப்படும். அதில் உள்ள நிபந்தனைகளை முழுவதும் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

விருந்துக்கு அவசரம் வேண்டாம்

சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் தெருவுக்கே சாப்பாடு போட்டு, சுவரொட்டி ஒட்டி அனுப்பும் வழக்கம் இப்போது ஊர்களில் பரவியிருக்கிறது. சில்காவுக்குப் போன பிறகும் இறுதி மருத்துவப் பரிசோதனை உண்டு என்பதையும், அதில் தேறியவர்களே சேர்க்கப்படுகிறார்கள் என்பதையும் பலர் அறிவதில்லை. அங்கிருந்து திரும்பி வரும் பிள்ளை, தேர்வில் தோற்றவனைவிட அதிகமாகக் கூசிப்போகிறான். அவனுடைய சுவரொட்டி தெருமுனையில் இன்னும் கிழியாமல் இருக்கும். எனவே சேர்க்கை உறுதியானது என்று பிள்ளையே சொல்லும் வரை கொண்டாட்டத்தைத் தள்ளிவையுங்கள். பரிசோதனைக்கு முன் காதுக் குறும்பியை மருத்துவரிடம் நீக்கிக்கொள்ளவும் பல்லில் படிந்த காரையைச் சுத்தம் செய்துகொள்ளவும் கடற்படையே அறிவுறுத்துகிறது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள் முதல் அதில் குதித்தே வளர்ந்த பிள்ளைகளுக்குக் காதுத் தொல்லை இருப்பது நமக்குத் தெரியும். உள்ளூரிலேயே காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மீதமிருக்கும் நாட்களில் பிள்ளைக்குச் சில கைவேலைகளைப் பழக்குங்கள். தன் துணியைத் தானே துவைத்தல், இஸ்திரி போடுதல், அறுந்த பொத்தானைத் தைத்தல் ஆகியவை தெரிந்த பிள்ளைக்கு முதல் மாதம் பாதிச் சுமை குறைகிறது. ஆற்றங்கரையில் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவன் ஷூ போட்டு ஓடிப் பழக வேண்டும். இல்லையென்றால் குதிகால் கொப்பளித்துவிடும். அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில் இருக்கும். சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல் ஆகிய சொற்களைக் கேட்டவுடன் உடல் இயங்கும் அளவுக்குக் காது பழகியிருந்தாலே போதும், மற்ற இந்தி தானாக வந்துவிடும்.

தொலைபேசி வரும் நேரம்

பயிற்சிக்காலத்தில் அலைபேசியைப் பிள்ளை எப்போதும் கையில் வைத்திருக்க முடியாது. அனுமதிக்கப்படும் நேரத்தில், சில சமயம் தெரியாத எண்ணிலிருந்து, அழைப்பு வரும். பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. இந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் வீட்டிலிருந்து நாம் தரக்கூடிய உதவியின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

என் மகனின் முதல் அழைப்பு வந்தது நவம்பர் கடைசி வாரத்தில். ஃபெஞ்சல் புயலுக்கு முந்தைய மழை டெல்டாவை முழுக அடித்துக்கொண்டிருந்தது. நட்டு நாற்பது நாளான எங்கள் சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய நின்றது. எப்படியிருக்கிறாய் என்று நான் கேட்கும் முன்பே அவன், “அம்மா, வயல்ல தண்ணி நிக்குதா?” என்றான். இல்லை என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. அவனோடு ஒரே கூடத்தில் தஞ்சாவூர்ப் பிள்ளையும் சீர்காழிப் பிள்ளையும் இருக்கும்போது அந்தப் பொய் அடுத்த நாளே வெளுத்துவிடும் என்று தோன்றியதால் உண்மையைச் சொன்னேன்: “நிக்குதுப்பா. அப்பா வடிய வெச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள தண்ணி வரல, ஆத்தா நல்லாருக்காங்க.” ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, “சரிம்மா” என்றான். அதன்பிறகுதான் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

அந்த நாளிலிருந்து சமையலறையில் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் மூன்று செய்திகளை எழுதி வைப்பது என் வழக்கமாயிற்று. முதலில் வீட்டார் நலம், இரண்டாவதாக அவன் கவலைப்படக்கூடிய ஒன்றின் உண்மை நிலை, மூன்றாவதாக அவனுக்குப் பிடித்த சின்னச் செய்தி, பசு கன்று ஈன்றது போல. இவற்றைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மீதி நேரம் அவனுடையது. வரிசையாக அத்தை, மாமா, பக்கத்து வீட்டார் என்று எல்லோரிடமும் கைபேசியைக் கொடுத்து நேரத்தைத் தீர்த்துவிடாதீர்கள். கடன்காரர் வந்து போனதையும் பங்காளிச் சண்டையையும் அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். அவனால் அங்கிருந்து எதுவும் செய்ய இயலாது, இரவு தூக்கம்தான் போகும்.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் பல பிள்ளைகள் “என்னால் முடியவில்லை, வந்துவிடுகிறேன்” என்று அழுவார்கள். “வந்துவிடு” என்று உடனே சொல்வதும் தவறு, “வந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது” என்று மிரட்டுவதும் தவறு. சேர்ந்த பிறகு, மிக அரிதான காரணங்களுக்காக உரிய அதிகாரி அனுமதித்தாலொழிய, தன் விருப்பத்தின்பேரில் விலக முடியாது என்பதே விதி. மிரட்டலோ அவன் வாயை அடைத்துவிடும். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், கால் கொப்பளம் ஆறியதா, பக்கத்துக் கட்டிலில் இருப்பது எந்த ஊர்ப் பிள்ளை என்று சிறிய கேள்விகளாகக் கேளுங்கள். பதில் சொல்லச் சொல்லப் பெரும்பாலும் அழுகை தணிந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றாலோ, உடல் காயத்தை மறைப்பதாகத் தெரிந்தாலோ, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு சொல் வந்தாலோ, அடுத்த அழைப்புவரை காத்திருக்க வேண்டாம். கடற்படையில் ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒரு டிவிஷனில் இருப்பார். அவர் நலனுக்குப் பொறுப்பானவர் டிவிஷனல் ஆபீசர். அவரது பெயரையும் தொடர்பு எண்ணையும் முதல் அழைப்பிலேயே கேட்டு எழுதிக்கொண்டு, இப்படிப்பட்ட நேரத்தில் தயங்காமல் அவரிடம் பேசுங்கள். அங்கேயே ஐ.என்.எச்.எஸ். நிவாரிணி என்ற கடற்படை மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் இறப்பு போன்ற அவசரம் நேர்ந்தாலும் முதலில் டிவிஷனல் ஆபீசருக்குத் தெரிவித்து, அவர் வழியாகப் பிள்ளைக்குச் சொல்வதே முறை.

கடிதத்தையும் மறக்காதீர்கள். அலைபேசி இல்லாத இரவில் எடுத்துப் படிக்கத் தாள் ஒன்று வேண்டும். முகவரியில் பிள்ளையின் எண், பெயர், டிவிஷன் மூன்றையும் அவன் சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதுங்கள். உள்ளே தமிழில் எழுதுங்கள். அப்பாக்கள் எழுதுவது நல்லது. நேரில் பேசத் தயங்கும் அப்பாக்கள் கடிதத்தில் பேசிவிடுகிறார்கள் என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

புயல் செய்தியைப் பொறுத்தவரை இரு பக்கமும் வங்கக் கடல்தான் என்பதை நினைவில் வையுங்கள். 2018-இல் கஜா நம்மைத் தாக்கியது போல, 2019-இல் ஃபானி ஒடிசாவைத் தாக்கியது. ஒடிசாவில் புயல் என்று தொலைக்காட்சி சொன்னதும் பயிற்சித் தளத்துக்கு மாறி மாறி அழைக்காதீர்கள். நம் பக்கம் அலைபேசிக் கோபுரம் சாய்ந்து தொடர்பு அற்றுப்போனால் யார் வழியாகச் செய்தி அனுப்புவோம் என்பதை மட்டும், வெளியூர் உறவினர் ஒருவரின் எண்ணைக் கொடுத்து, பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஏமாற்றுக்காரர்களும் படங்களும்

தெரியாத எண்ணிலிருந்து பிள்ளை பேசும் பழக்கத்தை ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். விபத்து நடந்துவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள் என்று குரல் வந்தால், வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லைக் கேளுங்கள். எங்களுக்கு அது இறந்துபோன ஒரு கன்றுக்குட்டியின் பெயர். நல்ல வேலைப் பிரிவு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் எவரையும் நம்பாதீர்கள்.

சீருடைப் படத்தைக் கட்செவியில் (வாட்ஸ்அப்பில்) வைப்பதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். உளவு வழக்கு ஒன்றுக்குப் பிறகு 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனையும் முகநூலையும் கடற்படை தடை செய்தது. பின்னாளில் அவன் கப்பலில் இருக்கும்போது எந்தத் துறைமுகம், எந்த நாள் என்று கேட்பதையும், அதை உறவினர் குழுவில் எழுதுவதையும் இப்போதிருந்தே தவிர்க்கப் பழகுங்கள்.

சம்பளம்

முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதி என்ற, பணி முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேமிப்புக்குப் போக, கைக்கு 21,000 வரும். நான்காம் ஆண்டில் 40,000-இல் 28,000 கைக்கு வரும். அரசும் சம அளவு செலுத்துவதால் நான்கு ஆண்டு முடிவில் வட்டி நீங்கலாக ஏறத்தாழ 10.04 லட்சம் வரியின்றிக் கிடைக்கும். பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. ஓய்வூதியம் இல்லை; நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் அதிகபட்சம் 25 விழுக்காடு. ஆகவே இந்த வருமானத்தை நம்பி வீட்டைக் கட்டத் தொடங்குவதும், அக்காவின் கல்யாணத்துக்குப் புதுக் கடன் வாங்குவதும் ஆபத்து. கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் நகையை மீட்க அவன் தானாக முன்வந்தால் அது வேறு. நான்கு ஆண்டும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பதால் பெண் பார்க்கும் பேச்சையும் எடுக்க வேண்டாம்.

அணிவகுப்புக்குச் செல்லும்போது

சில்காவுக்குப் பிறகு கப்பலில் கடற்பயிற்சியும், பிரிவைப் பொறுத்து லோனாவாலாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜி, ஜாம்நகரில் உள்ள ஐ.என்.எஸ். வல்சுரா போன்ற இடங்களில் தொழிற்பயிற்சியும் தொடரும். அதற்கு முன் நிறைவு அணிவகுப்புக்கு அழைப்பு வந்தால், முடிந்தவர்கள் கட்டாயம் செல்லுங்கள். சென்னையிலிருந்து ஹவுரா செல்லும் தடத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். எல்லா ரயிலும் சில்காவை ஒட்டிய பாலுகாவில் நிற்காது, குர்தா ரோட்டில் இறங்க வேண்டியிருக்கும் என்பதால் முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அழைப்பில் எழுதியுள்ள அசல் அடையாள அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். அக்னிவீரர்களின் முதல் அணி 2023 மார்ச் 28 அன்று, சூரியன் மறைந்த பிறகு அணிவகுத்தது. நேரம் அப்படி அமைந்தால் திரும்புவதற்கான வண்டியை முன்பே பேசி வைத்துக்கொள்வது, வயதானவர்களை அழைத்துச் செல்வோருக்கு மிக அவசியம். அந்த முதல் அணியில் பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஏறத்தாழ 2,600 பேர். அத்தனை பேரும் ஒரே வெள்ளை உடையில், ஒரே முடிவெட்டில் நடந்து வரும்போது பெற்ற கண்ணுக்கும் தன் பிள்ளை தெரிவதில்லை. எந்த அணி, எத்தனையாவது வரிசை, எந்த ஓரம் என்று முந்தைய அழைப்பிலேயே கேட்டுக் காலண்டர் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.