டேவ் டட்லியோட லாரிப் பாட்டுங்களை எங்கேர்ந்து, எப்படி கேக்க ஆரம்பிக்கணும்

அமெரிக்க கன்ட்ரி மியூசிக்ல லாரி டிரைவர் பாட்டுன்னே தனியா ஒரு வகை இருக்கு. யாரோ சொன்னாங்கன்னு தேடிப்போய் ரெண்டு கேட்டுட்டு "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே"ன்னு விட்டவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பெரும்பாலும் எல்லாரும் எடுத்தவுடனே 'கான்வாய்' பாட்டுல போய் ஆரம்பிச்சிடுறாங்க, அது கடைசியா கேக்க வேண்டியது. முதல்ல டேவ் டட்லி.

பாட்டைப் போடறதுக்கு முன்னாடி ஆளைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க. 1928ல விஸ்கான்சின்ல ஸ்பென்சர்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தவர், நிஜப்பேர் டேவிட் டார்வின் பெட்ருஸ்கா. பேஸ்பால் ஆடிட்டு இருந்தாரு, கையில அடிபட்டு அது போச்சு, அப்புறம் ரேடியோவுல டிஜே, அப்புறம் பாட்டு, கொஞ்சம் கொஞ்சமா பேர் வர்ற நேரத்துல 1960 டிசம்பர்ல மினியாபோலிஸ்ல கச்சேரி முடிச்சு கிட்டாரை எடுத்து வெச்சிட்டு இருந்தப்போ எவனோ கார்ல வந்து இடிச்சுட்டு நிக்காம போயிட்டான். அதுலேர்ந்து தேறி வந்து 1963ல பாடினதுதான் 'சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோட்'. கோல்டன் விங்னு ஒரு சின்ன கம்பெனி வெளியிட்ட ரெக்கார்டு, பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி ஹிட் லிஸ்ட்ல 2வது இடம், பாப் லிஸ்ட்லயும் 32 வரைக்கும் ஏறிச்சு. அதுக்கு முன்னாடியும் லாரிப் பாட்டு இருந்துது, 1939லயே டெட் டாஃபன் எழுதினது ஒண்ணு உண்டு, ஆனா அது தனி வகையா நிலைச்சது இந்தப் பாட்டுக்கு அப்புறம்தான்.

இப்ப கேக்குற விஷயம். ரெண்டரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், அதனால மூணு தடவை கேளுங்க. முதல் தடவை வார்த்தையே வேணாம், கிட்டாரை மட்டும் கவனிங்க. அடிக்கம்பியில கனமா, ட்வாங்குனு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், எஞ்சின் சூடாகி ஒரே சீரா ஓடுற மாதிரி, எங்கயும் மூச்சு வாங்காது. ரெண்டாவது தடவை வார்த்தை. இதுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும்: லாக் புக். அங்க லாரி டிரைவர் எத்தனை மணிக்கு எடுத்தான், எத்தனை மணி நேரம் ஓட்டினான், எப்ப தூங்கினான்னு அதுல எழுதி வெச்சே ஆகணும்னு இருந்துச்சு, அந்தக் காலத்து ரூல்படி 10 மணி நேரம் ஓட்டினா 8 மணி நேரம் ஓய்வு. பாட்டுல வர்றவன் லாக் புக்கை ஒழுங்கா எழுதல, லோடு அளவுக்கு மேல இருக்கு, எடை பாக்குற இடத்துக்குள்ள போனா மாட்டிக்குவான், தூக்கம் வராம இருக்க மாத்திரை வேற போட்டிருக்கான், இவ்வளவும் எதுக்குன்னா ஆறு நாள் கழிச்சு இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போகணும். இது தெரியாம கேட்டா ஜாலியா வண்டி ஓட்டுற பாட்டு மாதிரிதான் தெரியும், தெரிஞ்சு கேட்டா ஒவ்வொரு வரிக்கும் நமக்கே பக்குன்னு இருக்கும். எழுதின எர்ல் கிரீனுக்கும் கார்ல் மான்ட்கோமரிக்கும் லாரி ரோடு சொந்த அனுபவம், அதான் அந்த விவரமெல்லாம் அவ்வளவு கச்சிதமா உக்காந்திருக்கு.

மூணாவது தடவை குரல். டட்லி எங்கயும் கத்த மாட்டார், நெஞ்சுக்குள்ளேர்ந்து வர்ற கட்டைக்குரல், அசதி இருக்கும் ஆனா புலம்பல் இருக்காது. எனக்கு அவரைப் பிடிச்சுப்போனதே அதுலதான்.

அடுத்து 1965ல வந்த 'ட்ரக் டிரைவின் சன் ஆஃப் எ கன்', இது கொஞ்சம் துள்ளலானது. லாரிக்காரங்க அவரைத் தங்கள்ல ஒருத்தராவே பாத்தாங்க, லாரி டிரைவருங்களோட டீம்ஸ்டர்ஸ் யூனியன் தங்க நிற மெம்பர்ஷிப் கார்டே குடுத்துச்சு. 1970ல அவருக்கு நம்பர் ஒன் கிடைச்ச 'தி பூல் ஷார்க்' லாரிப் பாட்டே இல்ல, டாம் டி ஹால் எழுதினது, அதைப் பின்னாடி கேட்டுக்கலாம்.

டட்லி பழகிட்டார்னா அடுத்த பாடகர் டிக் கர்லஸ். 1965ல வந்த 'எ டூம்ஸ்டோன் எவ்ரி மைல்' மெய்ன் மாநிலத்துல ஹேன்ஸ்வில் காட்டு வழியா போற 2ஏ ரோட்டைப் பத்தினது, உருளைக்கிழங்கு லோடு ஏத்திட்டு பாஸ்டன் போற வண்டிங்க பனிக்காலத்துல அங்க அவ்வளவு கவிழ்ந்திருக்கு. மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு கேளுங்க, ரெண்டு பக்கமும் காடு, நடுவுல ஒரே ரோடு, பயம் எங்கேர்ந்து வருதுன்னு புரியும்.

அப்புறம் ரெட் சோவைன். இவர் முக்கால்வாசி பாடவே மாட்டார், கதை சொல்ற மாதிரி பேசுவார், பின்னாடி மெதுவா மியூசிக் போகும். 'கிட்டியப் கோ'வுல பல வருஷம் முன்னாடி பிரிஞ்ச மகனை, வண்டியில எழுதியிருக்கிற பேரை வெச்சு ஒரு அப்பன் கண்டுபிடிப்பான். வேற வேலை பாத்துக்கிட்டே இதைக் கேக்காதீங்க, வீணாப் போயிடும்.

இதெல்லாம் முடிச்சுட்டு 'கான்வாய்'க்கு வாங்க. 1973ல எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, 1974லேர்ந்து நாடு முழுக்க மணிக்கு 55 மைலுக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. மைல் கணக்குல சம்பளம் வாங்குறவனுக்கு அது வயித்துல அடி, அதான் போலீஸ் எங்க நிக்குதுன்னு சிபி ரேடியோவுல, அதாவது பக்கத்துல போற வண்டிங்க தங்களுக்குள்ள பேசிக்கிற ரேடியோவுல, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. 1975 கடைசியில வந்த அந்தப் பாட்டு முழுக்க அந்த ரேடியோ பேச்சுதான். பாடின சி டபிள்யூ மெக்கால் நிஜத்துல பில் ஃப்ரைஸ்னு ஒமாஹாவுல விளம்பர வேலை பாத்தவர், பிரெட் விளம்பரத்துக்கு உண்டாக்கின கேரக்டர்தான் அந்தப் பேரு.

ஒண்ணே ஒண்ணு பாத்துக்கங்க. லாரிப் பாட்டுத் தொகுப்புகள்ல பல சமயம் ஒரிஜினலுக்குப் பதிலா பின்னாடி திரும்பப் பாடி ரெக்கார்டு பண்ணினதைப் போட்டிருப்பாங்க, பேரும் படமும் அதேதான் இருக்கும், கிட்டார் மட்டும் வழவழன்னு கேக்கும். 'சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோட்'டுக்கு 1963னு போட்டிருக்கான்னு பாத்துட்டு ப்ளே பண்ணுங்க.