ஊசி போட்ட நாய் சோர்ந்து படுத்தால் செய்யக்கூடாதவை

போன வாரம் இரவு பத்து மணிக்குப் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் கதவைத் தட்டினார். காலையில் தடுப்பூசி போட்டுவந்த நாய் படுத்த இடத்தை விட்டு எழவில்லையாம். கையில் மாத்திரை அட்டை. "பாதி கொடுக்கலாமா அண்ணா?" என்றார். அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே அட்டையோடு நின்றவன் நான்.

தடுப்பூசிக்குப் பின் நாய் ஒரு நாள், இரண்டு நாள் அசந்து கிடப்பது இயல்பு. உடல் நோயெதிர்ப்பைத் திரட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்டோ பயணமும், மருத்துவமனை வாசலில் மற்ற நாய்களின் குரைப்பும் தந்த அச்சமும் அதோடு சேர்ந்துகொள்ளும். தண்ணீர் வைத்துவிட்டுத் தூங்கவிட்டாலே போதும்.

மனிதர் மாத்திரையைக் கொடுப்பது

என் மணி, ஐந்து கிலோ ஸ்பிட்ஸ் இன நாய், அன்று ஊசி போட்டுவந்திருந்தான். காது சுட்டது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தேன். 102 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. பதறிவிட்டேன். நமக்குத்தான் அது காய்ச்சல். நாய்க்கு ஏறத்தாழ 100.5 முதல் 102.5 வரை இயல்பான சூடு. அது தெரியாமல், இல்லாத காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமாலைத் தயிர்சாதத்தில் பிசைந்து ஊட்டினேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து கிலோ உடம்புக்கு 650 என்றால் கிலோவுக்கு 130 மில்லிகிராம். 65 கிலோ மனிதர் ஒரே நேரத்தில் பதின்மூன்று மாத்திரை விழுங்குவதற்குச் சமம். நாயின் கல்லீரல் அதைத் தாங்காது. இரவெல்லாம் வாந்தி.

இதைவிடப் பெரிய தவறு மறுநாள் நடந்தது. "வேறு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று டாக்டர் கேட்டார். திட்டுவாரோ என்று அஞ்சி "இல்லை" என்றேன். ஊசி ஒவ்வாமை என்று நினைத்து அவர் அதற்கே மருந்து கொடுத்தார். அடுத்த நாள் ஈறு மஞ்சளானபோதுதான் உண்மையைச் சொன்னேன். பாராசிட்டமால் நஞ்சுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோமோ அவ்வளவு பலன். என் வாயால் ஒரு நாள் வீணானது. ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றிய பிறகே மணி தேறினான். நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இபுப்ரோஃபெனும் ஆகாது; வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு. வீட்டில் பூனை இருந்தால் பாராசிட்டமால் பக்கமே போகாதீர்கள். ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும்.

முகம் வீங்கியும் விடியட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம். அந்த நேரமே கிளம்புங்கள்.

மயக்க மருந்து தெளியுமுன் சோறு வைப்பது

போட்டது தடுப்பூசி அல்ல, அறுவைக்கான மயக்க ஊசி என்றால் இதைக் கவனியுங்கள். தள்ளாடும் நாய்க்கு விழுங்கும் கட்டுப்பாடு சரியாக இருக்காது. உணவு மூச்சுக்குழாயில் இறங்கலாம். நன்றாகத் தெளிந்தபின் கொஞ்சமாக வையுங்கள். உடல் சூடும் குறைந்திருக்கும், வெறுந்தரையில் போடாமல் சாக்கு விரியுங்கள்.

மூன்றாம் நாளும் ஊசியையே குறை சொல்வது

நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். அதுவும் சோர்வு, பசியின்மை என்றுதான் தொடங்கும். ஊசி போட்ட வாரத்திலேயே அது வந்தால் பழி ஊசி மேல் விழுந்துவிடும், நாட்களும் ஓடிவிடும். காது மடல், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். உண்ணி கண்ணில் படவில்லை என்றாலும் மூன்றாம் நாள் சோர்வோடு வீட்டில் வைத்திருக்காதீர்கள்.